கடைசிப் பக்கத்தை முதலில் படித்தவர்

"மார்க்கு நீ எத்தன வேணாலும் வாங்கிப்போடுவ சாமி. ஆனா ஒரு கதப் புஸ்தவத்தச் சும்மா படிப்பியான்னு கேட்டா, எனக்குச் சந்தேகமாத்தான் இருக்குது."

இதை என்னிடம் சொன்னவர் எங்கள் பள்ளி விடுதியின் வார்டன். அப்போது நான் பதினோராம் வகுப்பில் இருந்தேன். மாதத் தேர்வுகளில் முதல் இடத்தை யாருக்கும் விட்டுக்கொடுக்காதவள். எங்கள் வீட்டில் பேருந்தின் பெயர்ப்பலகையை முதன்முதலில் வாசித்தவள் நான்தான். அதை இன்றைக்கும் பெருமையாகத்தான் சொல்லுவேன். அப்படிப்பட்ட என்னைப் பார்த்து, ஒரு கதைப் புத்தகம் படிப்பாயா என்று ஒருவர் சந்தேகப்பட்டால் கோபம் வராதா? வந்தது. வெகு காலம் அது உள்ளே கிடந்தது. இப்போது தேடிப் பார்த்தால் கோபம் இருந்த இடம்கூடத் தெரியவில்லை. அவர் முகம் மட்டும் தெரிகிறது.

நாமக்கல்லைச் சுற்றி அந்த மாதிரித் தங்கிப் படிக்கும் பள்ளிகள் நிறைய. பிள்ளையைக் கொண்டுபோய் விட்டால் மதிப்பெண்ணோடு திருப்பிக் கொடுப்பார்கள். எங்கள் பள்ளியில் பதினோராம் வகுப்புப் பாடப்புத்தகத்தைப் பெட்டிக்குள் வைத்ததோடு சரி; வந்த மாதமே பன்னிரண்டாம் வகுப்புப் பாடம் தொடங்கிவிட்டது. விடிவதற்கு முன்பே எழுப்பி மனப்பாடம் செய்யச் சொல்லுவார்கள். அறிவிப்புப் பலகையில் தடை செய்யப்பட்ட பொருட்கள் என்று எழுதியிருக்கும். செல்போன், கண்மை, கதைப் புத்தகம்.

ஞாயிற்றுக்கிழமை பெற்றோர் வந்து பார்த்துவிட்டுப் போவார்கள். அவர்கள் பேருந்து ஏறியதும் பெட்டிச் சோதனை. அதைச் செய்வது வார்டன்.

கனத்த உடம்பு. இரண்டு பாதங்களிலும் வீக்கம் இருந்ததால் ஆண்கள் போடும் ரப்பர் செருப்புதான் போடுவார். மூக்குக் கண்ணாடியை ஒரு பாவாடை நாடாவில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருப்பார். நாங்கள் அவரை வார்டனம்மா என்று கூப்பிடுவோம். பெட்டியைத் திறந்ததும் துணிகளைத் தொடவே மாட்டார். நேராக முறுக்கு டப்பாவை எடுத்துக் காதருகே வைத்து ஆட்டிப் பார்ப்பார். முறுக்கு மட்டும் இருந்தால் ஒரு சத்தம். அடியில் புத்தகம் இருந்தால் சத்தம் அமுங்கிக் கேட்குமாம். வேதியியல் கையேட்டின் அட்டைக்குள் நாவலை வைத்துத் தைத்துக்கொண்டு வந்தவளையும் பிடித்திருக்கிறார். "கெமிஸ்ட்ரி புக்குல எங்காச்சும் ஓரம் எண்ணெயாகி இருக்குமா புள்ள? படிக்கிற புக்குத்தான் எண்ணெயாகும்" என்று சொல்லிக்கொண்டே பிரித்தார்.

பிடித்த புத்தகத்தை அலுவலகத்தில் ஒப்படைக்க வேண்டும் என்பது விதி. அவர் ஒப்படைக்க மாட்டார். திருப்பியும் தரமாட்டார். படிப்பார்.

படிப்பு ஹாலில் எங்களுக்கு எதிரே, கொஞ்சம் உயரமான மேடையில் நாற்காலி போட்டு உட்கார்ந்து படிப்பார். இருநூறு பெண்கள் வாய்விட்டு மனப்பாடம் செய்துகொண்டிருப்போம். ஒருத்தி நியூட்டன் விதி, ஒருத்தி தாவரத் திசு, ஒருத்தி செய்யுள். அந்த இரைச்சலுக்கு நடுவே அவர் மடியில் ஏதாவது ஒரு நாவல், முந்தானையில் பொட்டுக்கடலை. எங்கள் சத்தம் கொஞ்சம் குறைந்தாலும் உடனே நிமிர்ந்து பார்ப்பார்.

"ஏன் நிறுத்திப்போட்டீங்க? சத்தமாப் படிங்க!"

அந்த வழியாகச் சுற்று வரும் ஆசிரியர்கள் இதைக் கேட்டு, இந்த அம்மா கண்டிப்பானவர் என்று நினைத்துக்கொள்வார்கள். எங்களுக்குத்தான் விஷயம் தெரியும். அமைதியாக இருந்தால் அவருக்குக் கதை ஓடாது. லாரிப் பட்டறைக்குப் பின்னால் இருந்த வீட்டில் வளர்ந்தவராம். தகரம் தட்டுகிற சத்தத்திலேயே படித்துப் பழகியவர்.

முன் வரிசைப் பெண்கள் புத்தகத்தைப் பார்த்து வாயசைத்தபடி அவர் முகத்தைத்தான் பார்ப்பார்கள். அவர் முகத்தில் கதை தெரியும். உதட்டைச் சுழித்தால் மாமியார் வந்திருக்கிறாள். கடலை மெல்வதை நிறுத்தினால் யாரோ யார் பேச்சையோ ஒளிந்திருந்து கேட்கிறார்கள். ஒருமுறை "அடப் பாவி!" என்று வாய்விட்டே சொல்லிவிட்டு, நாங்கள் பார்ப்பதைக் கண்டு, "உன்னத்தான்டி பாவி, அந்த மூணாவது வரிச, தூங்கறயா?" என்று யாரையோ அதட்டினார். மூன்றாவது வரிசையில் எல்லோரும் விழித்துத்தான் இருந்தார்கள்.

நான் முன் வரிசையில் உட்கார்ந்தும் அவர் முகத்தைப் பார்த்ததில்லை. எனக்கு நேரமில்லை. மற்றவர்கள் சிரித்துச் சொல்வதைக் கேட்டுத்தான் இதெல்லாம் தெரியும்.

புத்தகம் அவர் கைக்கு வந்ததும் முதலில் செய்கிற வேலை, கடைசிப் பக்கத்தைத் திறந்து படிப்பது. நின்ற இடத்திலேயே, பெட்டிக்காரி அழுதுகொண்டிருக்கும்போதே படிப்பார். ஏன் இப்படி என்று யாரோ கேட்டதற்கு, "எங்க போயி நிக்கும்னு தெரிஞ்சாத்தான கண்ணு நிம்மதியா வழியில வேடிக்க பாக்கலாம்?" என்றார். வர்ணனை வந்தால் தாண்டுவார். சண்டை வந்தால் திரும்பப் படிப்பார். பிடிக்காவிட்டால் பாதியில் மூடிவிடுவார். அதில் அவருக்குக் கொஞ்சமும் கூச்சம் கிடையாது. "புடிக்கலீன்னா விட்டுப்போட்டுப் போறது. புஸ்தவம் என்ன என்ற ஊட்டுக்காரரா, கடைசி வரைக்கும் சகிச்சுக்க?" அவருடைய வீட்டுக்காரர் எங்கே, என்ன ஆனார் என்பது எங்களில் யாருக்கும் தெரியாது. அந்தக் கேள்வியைக் கேட்கிற தைரியமும் யாருக்கும் இருந்ததில்லை.

படித்த கதையைச் சொல்லவும் அவருக்கு வராது. இரண்டு புத்தகங்களைச் சேர்த்துக் குழப்பிவிடுவார். ஒரு கதையின் டாக்டர் இன்னொரு கதையின் தங்கையைக் கல்யாணம் செய்துகொள்வார். நாங்கள் கொண்டுவருகிற புத்தகங்களுக்கு அசல் அட்டை இருக்காது என்பதால் தலைப்பும் அவருக்குத் தெரியாது. ராசிபுரத்துப் புள்ள புக்கு, ஆத்தூர்ப் புள்ள புக்கு என்று எங்களை வைத்துத்தான் அவற்றுக்குப் பெயர்.

ஒரு நாள் மாலைப் படிப்பில் அவர் அழுதார். கண்ணாடியைக் கழற்றி நாடாவில் தொங்கவிட்டு, முந்தானையால் மூக்கைச் சிந்தி, மறுபடி கண்ணாடியைப் போட்டு, மறுபடி அழுதார். அந்த நேரம் பார்த்து இயற்பியல் ஆசிரியர் உள்ளே வந்தார்.

"என்னங்கம்மா, என்னாச்சு?"

"ஒண்ணுமில்லீங்க சார். ஒறம்பரையில ஒரு சாவுங்க."

"அடடா. யாருங்க?"

வார்டனம்மா தன் மடியில் இருந்த புத்தகத்தை ஒரு பார்வை பார்த்தார். "மச்சாண்டார் மொறை ஆவோணுங்க. நல்ல மனுசன். ரயில்ல போயிட்டு இருக்கறப்பவே நெஞ்சு வலி."

ஆசிரியர் இரக்கப்பட்டு மறுநாள் மதியம் வரை விடுப்பு வாங்கிக் கொடுத்தார். வார்டனம்மா எந்த ஊருக்கும் போகவில்லை. தன் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு மிச்சக் கதையைப் படித்து முடித்தார். சாப்பாட்டு நேரத்தில் கண் சிவந்து வந்து, யார் யார் இரண்டாவது முறை ரசம் வாங்குகிறார்கள் என்று வழக்கம்போல முறைத்துக்கொண்டு நின்றார்.

அவரை நல்லவர் என்று சொல்ல முடியுமா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. என் வகுப்பில் வெண்ணந்தூர்ப் பெண் ஒருத்தி இருந்தாள். விடுதியில் எங்கள் எல்லோருக்கும் ஊர்தான் பெயர், அவள் வெண்ணந்தூர். அப்பா தறி நெய்பவர். அவள் அண்ணன் பழைய பேப்பர் கடையில் கிடந்த ஒரு நாவலை எடுத்து, நீலச் சார்ட் தாளில் அட்டை போட்டுக் கொடுத்திருந்தான். கதைக்கு முன்னால் வரும் பக்கங்கள் ஏற்கெனவே கிழிந்து போயிருந்ததால் தலைப்பும் இல்லை, எழுதியவர் பெயரும் இல்லை. அவள் பாதி படித்திருந்தபோது வார்டனம்மா முறுக்கு டப்பாவை ஆட்டிப் பார்த்துவிட்டார்.

வெண்ணந்தூர் அவர் காலைப் பிடிக்காத குறை. "பாதியில இருக்குதுங்கம்மா. நாளைக்கே முடிச்சுக் குடுத்தர்றனுங்க."

"நான் இன்னும் ஆரம்பிக்கவே இல்ல, நீ பாதிங்கற. பொறு."

"மேடம், எங்கண்ணன் குடுத்ததுங்க."

"அண்ணன் பரிச்சை எழுதப் போறானா, நீ எழுதப் போறயா? போ, போய் மேக்ஸ் படி."

அப்படிச் சொல்லிவிட்டு அங்கேயே கடைசிப் பக்கத்தைத் திறந்தார். படித்தார். "ஹூம்" என்றார். வெண்ணந்தூர் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். வார்டனம்மா புத்தகத்தை இடுப்பில் செருகிக்கொண்டு அடுத்த பெட்டிக்குப் போனார். அவள் அன்று சாப்பிடவில்லை. ஒரு கதைக்காக ஒருத்தி ஏன் பட்டினி கிடக்கிறாள் என்று எனக்குப் புரியவில்லை. நான் மேக்ஸ் படித்தேன்.

அடுத்த ஞாயிறு எனக்கு யாரும் வரவில்லை. அப்பா ரிக் வண்டியில் ஆழ்துளைக் கிணறு போட வடக்கே போயிருந்தார். போனால் வருவதற்கு மாதக்கணக்காகும். அம்மாவுக்குக் கோழிப்பண்ணையில் முட்டை பொறுக்குகிற வேலை. கோழிக்கு ஞாயிற்றுக்கிழமை தெரியாது. நான் படிப்பு ஹாலில் தனியாக உட்கார்ந்திருந்தேன். வார்டனம்மா கண்ணைச் சுருக்கிக்கொண்டு வந்தார். நாடாவில் கண்ணாடி ஒரு பக்கம்தான் தொங்கியது. அவரே மிதித்துவிட்டாராம்.

"ஏஞ்சாமி, சும்மாத்தான இருக்கற?"

"இல்லைங்க மேடம், பயாலஜி பார்க்கிறேன்."

"அது ஓடியா போயிரும்? இந்தா." நீல அட்டைப் புத்தகத்தை என் மேசையில் போட்டார். "எனக்கு எழுத்தெல்லாம் எறும்பாட்டத் தெரியுது. கண்ணாடி வர ரெண்டு மூணு நாளாகுமாம். நீ படிச்சுப்போட்டுச் சாயந்திரம் எனக்குக் கதையச் சொல்லு."

எனக்குப் பெருமையாக இருந்தது. இருநூறு பேரில் என்னிடம் கொடுத்திருக்கிறார். பென்சிலைச் சீவினேன். அடிக்கோலை எடுத்தேன். எங்கள் பள்ளியில் எப்படிப் படிக்கச் சொல்லிக் கொடுத்தார்களோ அப்படியே படித்தேன். முக்கியமான வரிகளின் கீழ் கோடு போட்டேன். ஓரத்தில் எது ஒரு மதிப்பெண் வினா, எது ஐந்து மதிப்பெண் வினா என்று குறித்தேன். ஒவ்வொரு பத்தியையும் கண்ணை மூடிச் சொல்லிப் பார்த்து, பிழை இல்லாமல் வந்த பிறகே அடுத்த பத்திக்குப் போனேன். மதியச் சாப்பாட்டுக்கும் சீக்கிரம் போய்ச் சீக்கிரம் வந்தேன்.

சாயந்திரம் வார்டனம்மா கடலையோடு வந்து எதிரே உட்கார்ந்தார்.

"ம், சொல்லு."

நான் எழுந்து நின்று கையைக் கட்டிக்கொண்டு தொடங்கினேன். "'ரயில் புறப்படும்போது அவள் பையில் இரண்டு எலுமிச்சம்பழங்கள் மட்டும் இருந்தன. அப்பா பிளாட்பாரத்தின் கடைசித் தூண் வரை நடந்து வந்தார்...'" நிறுத்தாமல் முதல் அத்தியாயம் முழுவதையும் ஒப்பித்தேன். காற்புள்ளி இருந்த இடத்தில்தான் மூச்சு விட்டேன்.

"அதெல்லாம் சரி. அவ அந்தப் பையனக் கட்டிக்கிட்டாளா இல்லியா?"

"அது தெரியலைங்க மேடம். முதல் அத்தியாயம்தான் முடிஞ்சிருக்கு. நீங்க எங்க வேணும்னாலும் கேள்வி கேட்கலாம்."

"கேள்வியா?"

"கேட்டுப் பாருங்க மேடம். அவள் பையில் இருந்தவை யாவை, ஒரு மதிப்பெண். இரண்டு எலுமிச்சம்பழங்கள்."

அவர் புத்தகத்தை வாங்கிக் கண்ணுக்கு வெகு அருகில் வைத்துப் பார்த்தார். கோடுகள், ஓரத்தில் எண்கள். சிரிக்க ஆரம்பித்தார். கடலை புரையேறி, கண்ணில் தண்ணீர் வர, மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். நானும் எதற்கென்று தெரியாமல் கொஞ்சம் சிரித்தேன். பிறகு அவர் சிரிப்பை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். உண்மையாகவே கொஞ்சம் பயந்தவர் மாதிரிப் பார்த்தார். அப்போதுதான் அதைச் சொன்னார். மார்க்கு எத்தனை வேண்டுமானாலும் வாங்குவாய், ஆனால் சந்தேகம் என்று. சொல்லிவிட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அரையாண்டுத் தேர்வுக்குப் பிறகு படிப்பு ஹாலில் கேமரா வைத்தார்கள். எங்களைக் கண்காணிக்க. அதில் முதலில் மாட்டியவர் வார்டனம்மாதான். அலுவலகத்தில் உட்கார்ந்து பார்த்தவர்களுக்கு, இருநூறு பெண்கள் வாயசைப்பதும் அவர்களுக்கு எதிரே ஒரு அம்மா கடலை தின்றபடி நாவல் படித்துச் சிரிப்பதும் தெளிவாகத் தெரிந்திருக்கும்.

அவரை வேலையை விட்டு அனுப்பிய அன்று மாலை டீக்கு டம்ளரோடு வரிசையில் நின்றிருந்தோம். அவர் ஒரு கையில் துணிப்பை, இன்னொரு கையில் அரிசிச் சாக்கோடு வாசலுக்குப் போனார். வாட்ச்மேன் எழுந்து நின்றார்.

"வார்டனம்மா, கோவிச்சுக்காதீங்க. பையப் பாத்துத்தான் அனுப்போணும்னு ஆபீசுல சொல்லிப்போட்டாங்க."

"பாருங்க, பாருங்க. நான் பாக்காத பையா."

துணிப்பையில் புடவைகள். சாக்கில் புத்தகங்கள். எங்கள் எல்லா ஊர்களும் அதற்குள் இருந்தன. வாட்ச்மேன் சாக்கை இழுத்து ஓரமாக வைத்தார். வார்டனம்மா வாக்குவாதம் செய்யவில்லை.

"அந்த நீல அட்டப் புக்கு மட்டும் குடுங்க. பாதியில இருக்குது."

"வெளிய உடக் கூடாதுங்களாம். எனக்கும் வேல போயிரும்."

அவர் சாக்கையே பார்த்தார். பிறகு பையைத் தோளில் மாட்டிக்கொண்டார். "செரி, இருக்கட்டும். கடைசிப் பக்கம் படிச்சுப்போட்டேன்."

என் பக்கத்தில் வெண்ணந்தூர் டம்ளரை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள். வரிசையில் ஒருத்திகூடப் பேசவில்லை. வாசலைத் தாண்டும்போது வார்டனம்மா எங்களைத் திரும்பிப் பார்த்தார்.

"ஏன் நிறுத்திப்போட்டீங்க?" என்றார். அவ்வளவுதான். போய்விட்டார். சாக்கில் இருந்தவற்றை மறுநாள் சமையல் கட்டுக்குப் பின்னால் கொளுத்தினார்கள்.

அதற்குப் பிறகு நான் நிறையத் தேர்வுகள் எழுதினேன். பள்ளித் தேர்வு, கல்லூரித் தேர்வு, அரசு வேலைக்கான தேர்வுகள். எல்லாவற்றுக்கும் அதே பென்சில் முறைதான். சேலத்தில் ஓர் அலுவலகத்தில் வேலை கிடைத்தது. பணி ஆணை வந்த அன்று அம்மா அழுதார், அப்பா ரிக் வண்டியிலிருந்து போனில் அழுதார். நான் பேருந்து நேரம் விசாரித்துக்கொண்டிருந்தேன். எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. களைப்பாக இருக்கும் என்று நினைத்தேன். வேலையில் சேர்ந்து வெகு நாளாகியும் அப்படியே இருந்தது.

அம்மாபேட்டையில் ஓர் அறை எடுத்துத் தங்கியிருக்கிறேன். கீழே தறி ஓடும். அலுவலகம் விட்டு வந்ததும் சோறு வைத்துச் சாப்பிட்டுவிட்டுப் போனைப் பார்ப்பேன். விரல் தள்ளிக்கொண்டே இருக்கும். என்ன பார்த்தாய் என்று உடனே கேட்டால்கூடச் சொல்லத் தெரியாது. மனப்பாடம் செய்ய எதுவும் மிச்சமில்லை. அது இல்லாமல் மாலை நேரத்தை என்ன செய்வது என்று எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

வார்டனம்மாவின் சந்தேகம் நினைவுக்கு வந்ததால் நாவல்கள் வாங்கினேன். புத்தகக் கண்காட்சியில் ஒரு பை நிறைய. அவர் சொன்னதைப் பொய்யாக்கிக் காட்ட வேண்டும் என்பதுதான் நோக்கம். தினமும் இத்தனை பக்கம் என்று திட்டம் போட்டேன். எல்லாப் புத்தகத்திலும் முதல் பத்துப் பக்கங்களில் பென்சில் கோடு இருக்கிறது. அதற்குப் பிறகு சுத்தமாக இருக்கிறது.

ஊருக்குப் போனால் இன்னும் சிரமம். எங்கள் வீட்டில் என் கையில் புத்தகம் இருந்தால் அது பரீட்சைதான். அம்மா உடனே டிவியை அணைத்துவிடுவார். பாத்திரத்தைச் சத்தமில்லாமல் வைப்பார். பக்கத்து வீட்டுக் குழந்தை அழுதால் போய், "பாப்பா படிக்குதுங்க, கொஞ்சம் பாத்துக்கங்க" என்று சொல்லிவிட்டு வருவார். கேட்காமலே ஹார்லிக்ஸ் வரும்.

"என்ன பரிச்சை கண்ணு?"

"டிபார்ட்மென்ட் பரிச்சைம்மா."

வேறென்ன சொல்வது? ஒரு வீடே மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போது, ஒருத்தி யாரைக் கல்யாணம் செய்துகொள்வாள் என்று நான் எப்படிப் படிப்பேன்?

போன மழையின்போது ஒரு மாலை கரண்ட் போய்விட்டது. போனிலும் சார்ஜ் இல்லை. தறியும் நின்றுவிட்டது. இருட்டுவதற்கு முந்தைய வெளிச்சத்தில் சும்மா சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வாய் தானாகச் சொல்லிற்று: ரயில் புறப்படும்போது அவள் பையில் இரண்டு எலுமிச்சம்பழங்கள் மட்டும் இருந்தன. இத்தனை வருடம் கழித்தும் ஒரு சொல் மாறவில்லை. முழு அத்தியாயமும் வந்தது. கடைசித் தூண் வரை நடந்து வரும் அப்பா, ஜன்னல் கம்பியில் காயும் கைக்குட்டை, எல்லாம். முடித்த பிறகுதான் அது தோன்றியது.

எதற்கு எலுமிச்சம்பழம்?

யாவை என்று எனக்குத் தெரியும். எதற்கு என்று நான் கேட்டதே இல்லை. ஊரை விட்டுப் போகிறவள் துணி எடுக்கவில்லை, பணம் எடுக்கவில்லை, எலுமிச்சம்பழம் எடுத்திருக்கிறாள். அதுவும் இரண்டு. ஏன் இரண்டு? கரண்ட் வந்து தறி ஓடத் தொடங்கியபோதும் நான் அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

போனுக்குச் சார்ஜ் ஏறியதும் வெண்ணந்தூரைக் கூப்பிட்டேன். கல்யாணமாகி ராசிபுரத்தில் இருக்கிறாள். பேசி ரொம்ப நாளாகியிருந்தது.

"ஏன்டி, உன்னோட அந்த நீல அட்டைப் புக்கு ஞாபகம் இருக்கா? அவ எதுக்கு ரெண்டு எலுமிச்சம்பழம் எடுத்துட்டுப் போனா?"

அவள் சிரித்தாள். "நல்லாருக்கியான்னு கேக்க மாட்டியா நீயி?"

"நல்லாருக்கியா? எதுக்கு எலுமிச்சம்பழம்?"

"ஒண்ணு வாந்தி வராம இருக்க, மோந்து பாக்கறதுக்கு. அவளுக்குப் பிரயாணம் ஒத்துக்காது. இன்னொண்ணு யாருக்குன்னுதான்டி கதையே. வழியில ஏறுற ஒருத்தருக்குன்னு நெனச்சேன். அதுக்குள்ளதான் அந்தம்மா டப்பாவ ஆட்டிருச்சே."

"அப்ப உனக்கும் தெரியாதா?"

"தெரியாதுடி. எனக்குப் பாதி, உனக்கு மொத அத்தியாயம். கடைசிப் பக்கம் அந்தம்மாளுக்குத்தான் தெரியும். எங்க இருக்குதோ." குக்கர் விசில் கேட்டது. "அன்னைக்குக் கேட் கிட்டப் போகும்போதே கேட்டிருக்கணும். டம்ளரப் புடிச்சுட்டு நின்னுட்டேன்."

மறுநாள் மாலை கிளை நூலகத்தில் உறுப்பினரானேன். நூலகரிடம் அந்தப் புத்தகத்தைப் பற்றிக் கேட்டேன்.

"தலைப்பு என்னங்க?"

"தெரியலைங்க. எலுமிச்சம்பழம் வரும்."

"தலைப்புலயா?"

"இல்லைங்க. உள்ளே."

"உள்ளே எல்லாப் புத்தகத்துலயும் எதாச்சும் ஒண்ணு வருமுங்க" என்றார். கிண்டலாகச் சொல்லவில்லை. எழுந்து வந்து நாவல் அலமாரியைக் காட்டிவிட்டுப் போனார்.

கிடைக்கவில்லை. கையில் பட்ட ஒன்றை எடுத்துக்கொண்டு அந்த வார இறுதியில் ஊருக்குப் போனேன். பென்சிலை அலுவலக மேசையிலேயே வைத்துவிட்டேன். கூடத்தில் உட்கார்ந்து புத்தகத்தைத் திறந்ததும் அம்மா ரிமோட்டைத் தேடினார்.

"என்ன பரிச்சை கண்ணு?"

"பரிச்சை இல்லம்மா. சும்மா."

அம்மாவுக்குப் புரியவில்லை. "சும்மான்னா?"

"சும்மாத்தான். கதை."

"வேலைக்கு ஒண்ணும் ஆவாதுல்ல?"

"ஆவாதும்மா. நீ டிவிய வெச்சுக்கோ. சத்தமாவே வெச்சுக்கோ."

அவர் சந்தேகத்தோடுதான் வைத்தார். ஒரு விளம்பரம் முடிந்ததும் என்னைத் திரும்பிப் பார்த்து, ஒலியை இன்னும் கொஞ்சம் கூட்டினார். ஹார்லிக்ஸ் வரவில்லை.

அந்தப் புத்தகம் எனக்குப் பிடிக்கவில்லை. பாதி தாண்டியும் யாரோடும் எனக்கு மனம் ஒட்டவில்லை. எடுத்த பாடத்தைப் பாதியில் விட்டதாக என் வாழ்க்கையில் கிடையாது. இதைப் பாதியிலேயே திங்கட்கிழமை கொண்டுபோய்க் கொடுத்தேன். நூலகர், "முடிச்சாச்சுங்களா?" என்றார். "இல்லைங்க, பிடிக்கல" என்றேன். அவர் முத்திரை குத்திவிட்டு அடுத்தவரின் புத்தகத்தை வாங்கினார். நான் எதையோ எதிர்பார்த்து அங்கேயே கொஞ்சம் நின்றிருந்தேன்.

ஒரு கதைப் புத்தகத்தை நான் இன்னும் முழுதாகப் படித்து முடிக்கவில்லை. வார்டனம்மாவின் சந்தேகம் அப்படியே இருக்கிறது; இருந்துவிட்டுப் போகட்டும். இப்போது வேறொன்று எடுத்திருக்கிறேன். அதன் கடைசிப் பக்கத்தை அலமாரி அருகே நின்றபடியே படித்துவிட்டேன். ஒருவர் வீட்டைப் பூட்டிச் சாவியைக் கிணற்றில் போடுகிறார். அவர் யார், எதற்குப் போடுகிறார் என்று தெரியவில்லை. நேற்று மாலை, கீழே தறி ஓடிக்கொண்டிருந்தபோது, முதல் பக்கத்தைத் திறந்தேன்.